ஸுதர்சன் எடிஷன்

ஸுதர்சன் எங்கள் கல்லூரியில் சிஸ்டம் அட்மினாக இருந்த மூன்று வருடமும் எனக்கு அவனைப் பிடித்ததில்லை. செவிலிமேட்டைத் தாண்டி, பட்டு வியாபாரத்தில் சம்பாதித்த அர்ஜுனன் கட்டிய கல்லூரி அது. நான் கம்ப்யூட்டர் துறைத் தலைவி. அவன் சின்னக் காஞ்சிபுரத்துப் பண்டிதர் குடும்பம். தாத்தா எழுதிய வியாக்கியானம் எத்தனை பக்கம் என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்வான். அந்தப் பெருமை தீர்ந்தால் அடுத்தது அவனுடைய சிடி.

விண்டோஸ் போடும்போது கம்ப்யூட்டர் வரிசையாகக் கேள்வி கேட்கும்: என்ன பெயர், எந்த நாட்டு நேரம், என்ன பாஸ்வேர்டு. பதில்களை முன்பே ஒரு ஃபைலில் எழுதி சிடிக்குள் வைத்துவிட்டால், யாரையும் கேட்காமல் தானே ஏறிக்கொள்ளும். ஊரில் உலகத்தில் எத்தனையோ பேர் செய்கிற வேலை. இவன் அந்த சிடியின் மேல் மார்க்கர் பேனாவால் 'ஸுதர்சன் எடிஷன்' என்று எழுதி வைத்திருந்தான். "சிடியைப் போட்டுட்டுக் காபி சாப்பிடப் போயிடலாம் மேடம்," என்பான். போயும் விடுவான்.

2003ல், அவன் சேர்ந்த சில மாதங்களில், லேபுக்குப் புது கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றின் நெட்வொர்க் கார்டு புது வகை. அந்தக் கார்டை வேலை செய்ய வைக்கும் டிரைவர் அவன் சிடியில் இல்லை. அதனால் விண்டோஸ் ஒழுங்காக ஏறும், நெட்வொர்க் மட்டும் வராது. டிரைவரை சிடிக்குள் ஒரு ஃபோல்டரில் போட்டு, அது இருக்கும் இடத்தைப் பதில் ஃபைலில் ஒரு வரியில் எழுதினால் தீர்ந்தது. இந்த மகானுபாவன் அதைச் செய்யவில்லை. டிரைவரை ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எந்த மெஷினுக்கு மறுபடி விண்டோஸ் போட்டாலும் இவன் வர வேண்டும், ஃப்ளாப்பியைச் செருக வேண்டும், பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்க வேண்டும். அதுவரை மாணவர்கள் கைகட்டி நிற்பார்கள்.

"சிடியிலயே சேத்துட வேண்டியதுதானேபா?" என்று நான் கேட்டபோதெல்லாம், "அது அவ்ளோ சிம்பிள் இல்லை மேடம். கார்டு சமாசாரம்," என்பான். சரியான மக்கு என்று முடிவு கட்டினேன்.

அவனுக்கு வருட ஒப்பந்தம்தான். புதுப்பிக்கும் சமயம் வந்தால் அர்ஜுனன், "இந்த ஆளு நமக்கு எதுக்குமா?" என்று என்னைக் கேட்பார். சரியாக அந்த வாரம் ஏதாவது ஒரு மெஷினில் நெட்வொர்க் போயிருக்கும். ஸுதர்சன் ஃப்ளாப்பியோடு அவர் கண்ணெதிரே ஓடுவான். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிடும்.

மூன்றாம் வருடம், செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் லேப் முழுக்க வைரஸ். எல்லா மெஷினுக்கும் மறுபடி விண்டோஸ் போட வேண்டும். நெட்வொர்க் வராவிட்டால் சர்வரிலிருந்து கேள்வித்தாள் வராது. ஸுதர்சன் துரையோ திருப்புட்குழியில் அத்தை பையன் கல்யாணத்தில் இருந்தார். செல்போன் அணைந்திருந்தது, ஃப்ளாப்பியும் அவரோடு போயிருந்தது. எனக்கு வந்த எரிச்சலில், கம்ப்யூட்டர் பெட்டிகளில் வந்த டிரைவர் சிடியைத் தேடி எடுத்து, நானே அதை அவனுடைய எடிஷனுக்குள் சேர்த்துப் புது சிடிகள் எழுதினேன். முதல் மெஷினில் விண்டோஸ் ஏறி முடிந்தது. நெட்வொர்க் தானாக வந்து நின்றது. சாயங்காலத்துக்குள் லேப் தயார்.

தேர்வு முடிந்ததும் அர்ஜுனன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

"அப்ப மெஷினே எல்லாத்தையும் பண்ணிக்கினு போவுதா?" என்று கேட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "அப்புறம் நீ எதுக்குபா?"

கார்டு, வோல்டேஜ் என்று வழக்கம்போல் கதை விடுவான் என்று காத்திருந்தேன். விட்டிருந்தால் பிழைத்திருப்பான். கம்ப்யூட்டர் என்றாலே அர்ஜுனனுக்குப் பயம்.

"இப்படிக் கேப்பேள்னுதான் ஸார் நான் சேர்க்கலை," என்றான் ஸுதர்சன். "மெஷின் வந்த மொத வாரமே சேர்த்துப் பார்த்தேன். நன்னா வந்தது. அழிச்சுட்டேன்."

எனக்கு அருவருப்பாக இருந்தது. மக்காக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தன் சோற்றுக்காக இத்தனை பிள்ளைகளை அந்த லேபில் நிற்க வைத்திருக்கிறான். அர்ஜுனனோ பல் தெரியச் சிரித்தார், ஒரு சம்பளம் மிச்சமான சிரிப்பு. அதைப் பார்க்க இன்னும் அருவருப்பாக இருந்தது.

மூன்று வருடப் பொய்க்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்த கல்லூரி, இந்த ஒரு உண்மைக்கு அன்று மாலையே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.