வலப்பக்கத்தின் கடைசி வரி

"இதைச் சத்தமாப் படிங்க. எழுத்து தெரியுதான்னுதான் பாக்குறேன், கதைக்குள்ள போயிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் செங்கல் பருமனுள்ள புத்தகத்தை மேஜையில் விரித்து வைக்கிறார். அதற்கென்று அச்சடித்த அட்டை சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

திறப்பது எப்போதும் ஒரே பக்கம். உடைந்த கண்ணாடியின் காதுக் கம்பி ஒன்று அங்கே அடையாளமாகச் செருகியிருக்கிறது. ராட்சதப் பறவையின் மேல் ஏறிப்போன இளவரசிக்காகக் கோட்டையே காத்திருக்கும் இடம் அது. வலப்பக்கத்தின் கடைசி வரி, 'அப்போது மலைக்கு அப்பாலிருந்து வந்தது ஒரு' என்று அந்தரத்தில் நிற்கும்.

"என்னங்க வந்துச்சு?" என்று கேட்காதவர் கிடையாது.

"எனக்கும் தெரியாது" என்பார். யாரும் நம்புவதில்லை. ஆனால் உண்மை அதுதான்.

கம்பியைச் செருகியவள் மகள். கல்லூரி விட்டு வந்ததும் கல்லாவுக்குப் பின்னால் கால் நீட்டி உட்கார்ந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் இரைந்தால் நிறுத்துவாள், ஓய்ந்தால் தொடர்வாள். முதலில் அவருக்கு அந்தக் கதை காதில் ஏறவில்லை. "பறவை மேல போறாளாம், பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையாம்" என்று நக்கலடித்தார். பிறகு தேய்க்க வேண்டிய லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டே இயந்திரத்தைப் போடாமல் கேட்க ஆரம்பித்தார். எதிரிப் படையை ஆட்டுமந்தை என்று நினைத்துவிட்ட காவல்காரன் மேல் அவருக்கு இன்றும் மனசு ஆறவில்லை. "தூரத்துப் பார்வை போச்சு அவனுக்கு. நம்ம கடைக்கு வந்திருந்தா அந்தப் போரே நடந்திருக்காது."

வேலை கிடைத்து மகள் கடல் தாண்டிப் போய்விட்டாள். இவர் முதல் பக்கத்திலிருந்து கம்பி வரைக்கும் வருவார், மறுபடி முதலுக்கே திரும்புவார். "பஸ்ல துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற மாதிரி, பொண்ணுக்காகப் புத்தகத்துல இடம் பிடிச்சு வச்சிருக்காரு" என்பது அவர் மனைவியின் கேலி. அந்தக் குரலுக்கு ஏங்கிப்போயிருக்கிறார் மனிதர். இளம்பெண் யாராவது அந்தப் பக்கத்தைப் படித்தால், துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைப்பார்.

போன வாரம் மகள் போனில் பேசியபோது ஆசையை அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். "புத்தகம் அப்படியே இருக்கும்மா. நீ வந்து, விட்ட இடத்துலேருந்து ஆரம்பி."

"ஐயோ அப்பா, அதை நான் இங்க வந்த புதுசுலயே படிச்சு முடிச்சிட்டேனே. என்ன வருதுன்னு சொல்லட்டா?"

"வேணாம்மா. கடையில ஆள் வந்துட்டாங்க" என்று போனை வைத்தார். கடையில் ஈ காக்கை இல்லை.

மறுநாள், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடகடவென்று படித்தார். கடைசி வரி முடிந்ததும், விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தின் ஓரத்தைத் தூக்கினார். கடைக்காரர் எட்டி, உள்ளங்கையை விரித்து அதை அழுத்திக்கொண்டார்.

"போதும் டீச்சர். பவர் சரியா இருக்கு."

டீச்சர் கண்ணாடியோடு படியிறங்கித் தெருமுனை திரும்பிய பிறகும், அந்தக் கை பக்கத்தின் மேலேயே இருந்தது.