வலைநூலில் தைத்த படக்கதை

இப்போது படகுக்குக் காத்திருக்கிற சனம் போனைப் பார்க்கிறது. சில வருசங்களுக்கு முன் அப்படியில்லை. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பக்கத்தில் என் தேத்தண்ணிக் கடை. அங்கே ஒரு பிஸ்கட் தகரத்தில் படக்கதைப் புத்தகங்கள் வைத்திருந்தேன். எல்லாம் பழசு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். படம் இருந்தால் சுகம்.

உப்புக்காற்றில் புத்தகத்தின் பின்கம்பி துருப்பிடித்துத் தாளை அரித்துவிடும். அதனால் புத்தகம் கையில் கிடைத்தவுடன் கம்பியைக் கழற்றிவிட்டு வலைநூலால் தைத்துவிடுவோம். இந்தப் பக்கத்தில் படக்கதை வைத்திருந்த எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

தகரத்தை விடாமல் கிண்டியவர்கள் மூன்று பேர். ஒருவர் மினிபஸ் ஓட்டுகிற அண்ணை. துப்பறியும் கதை தவிர வேறு தொடமாட்டார். இன்னொருவர் நெடுந்தீவில் படிப்பிக்கிற இளம் மாஸ்ரர். வெள்ளி பின்னேரப் படகில் வந்து இறங்கி, யாழ்ப்பாணம் போக பஸ் ஏறுவார். மூன்றாவது என் அக்கா. நெடுந்தீவில் மாடு வளர்க்கிறாள். வெள்ளி காலையில் தயிர் கொண்டுவந்து விற்றுவிட்டு, மாஸ்ரர் வந்த படகிலேயே திரும்பிப் போவாள். அவர் இறங்கி அவள் ஏற இடையில் முக்கால் மணித்தியாலம். அதுதான் சண்டை நேரம்.

"கொலைகாரன் ஆரெண்டு தேடாத கதையெல்லாம் ஒரு கதையே?" என்பார் பஸ்கார அண்ணை.

"நீர் கடைசிப் பக்கத்தை முதல் பாக்கிற ஆள். உமக்கென்ன தெரியும்?" என்பாள் அக்கா.

"பாக்கிறனான்தான். பஸ் வெளிக்கிட நேரமாச்செண்டால் என்ன செய்யிறது?"

அக்காவுக்குப் பிடித்தது ஒரு குதிரைக்காரன் கதை. குதிரைக்காரனும் தோழனும் பாலைவனத்தில் போவார்கள். நடுவில் தோழன் சுடுபட்டுச் செத்துவிடுவான். குழி தோண்டிப் புதைத்து, அவன் தொப்பியை மேலே வைப்பான் குதிரைக்காரன். நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால் மழையில் இரண்டு பேரும் சேர்ந்து குதிரையில் போவார்கள். அதோடு கதை முடியும்.

"எதிரியை ஏமாத்தத்தான் குழியில தாட்டது. அதை வாயால சொல்லாமல் படத்தால சொல்லுறான் பாருங்கோ" என்பாள். நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்களையும் மறித்து வாசிக்கக் கொடுப்பாள். திரும்பி வருகிறபோது அவர்கள் "ஓமக்கா, திறம்" என்று சொன்னால் அன்று முழுக்க அவள் முகம் வேறு. அவளிடம் காணி விசயத்திலோ கலியாண விசயத்திலோ யாரும் ஒரு சொல் கேட்டதில்லை. எந்தப் படக்கதை நல்லது என்று மட்டும் கேட்டார்கள்.

ஒரு வெள்ளி மாஸ்ரர் சொன்னார், "அக்கா, உங்கடை குதிரைக்காரன் கதை புதிசா அச்சடிச்சு வந்திருக்கு. அதில தோழன் திரும்பி வரேல்லை. கடைசிப் பக்கத்திலதான் சாகிறான்."

"போம் விசரா. நான் எத்தினை தரம் வாசிச்சனான்."

"நானும் வாசிச்சனான் அக்கா."

"அடுத்த வெள்ளி கொண்டு வாரும். எல்லாருக்கும் முன்னால வைச்சுப் பாப்பம்."

அக்கா படகேறிப் போனபின் தகரத்திலிருந்து குதிரைக்காரன் கதையை எடுத்துத் தையலைப் பார்த்தேன். அந்தப் புத்தகம் கடை தொடங்கின காலத்தில் சாமான் சுற்ற வாங்கிய பழைய தாள் கட்டு ஒன்றில் வந்தது. தாள்கள் தனித்தனியாகக் கழன்றிருந்தன. கீழ் மூலைகளைப் பூச்சி தின்றிருந்தது. பக்க இலக்கம் இல்லை. நான் வாசித்து அடுக்கவில்லை, படம் பார்த்து அடுக்கினேன். இரண்டு பேர் குதிரையில் தூரப் போகிற படம் முடிவு போல இருந்தது. அதைக் கடைசியில் வைத்துத் தைத்தேன்.

அந்தக் கிழமை முழுக்க யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளி வந்தது. அக்கா நல்ல சீலை உடுத்து வந்திருந்தாள். பஸ்கார அண்ணை ஏழெட்டுப் பேரைக் கூட்டி வைத்திருந்தார். மாஸ்ரர் இரண்டு புத்தகத்தையும் கடை வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார். நடுவில் நின்றார். தையலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

புதுப் புத்தகத்தை மூடினார். "இதிலதான் ஏதோ பிழை போல. அக்கா சொன்னதுதான் சரி" என்றார்.

அக்கா சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஏலவில்லை.

"பிழை என்ரை. தாள் கழண்டு வந்தது. நான்தான் பக்கம் மாறித் தைச்சனான்."

பஸ்கார அண்ணை குனிந்து தையலைப் பார்த்தார்.

அக்கா மாஸ்ரரைக் கேட்டாள், "அப்ப அவன் செத்ததோ?"

"ஓம் அக்கா."

படகுக்காரர் கூப்பிட்டார். அக்கா புதுப் புத்தகத்தைக் கேளாமலே எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வெள்ளி அவள் வரவில்லை. தயிரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டாள். மூன்றாவது வெள்ளி வந்தாள். மாஸ்ரர் இறங்கினதும் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"நீர் சொன்னது சரி."

"அக்கா, உங்கடை புத்தகத்தை எனக்கு ஒருக்கால் தாங்கோவன். அந்த ஒழுங்கில நான் இன்னும் வாசிக்கேல்லை."

பகிடி பண்ணுகிறாரோ என்று அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கை நீட்டிக்கொண்டே நின்றார். தகரத்தில் இருந்த பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தாதிப் பிள்ளை ஒருத்தி படகுக்குக் காத்திருந்தாள். "எனக்கும் தருவீங்களே? எதை முதல் வாசிக்கிறது?" என்று அக்காவைக் கேட்டாள். மாஸ்ரர் இரண்டு புத்தகத்தையும் அவளுக்கு விட்டுக்கொடுத்தார்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "முதல் அச்சடிச்சதை வாசியும் பிள்ளை. அழுகை வரும். வரட்டும். பிறகு தங்கச்சி தைச்சதை வாசியும்."

"மாறி வாசிச்சால்?" என்றார் பஸ்கார அண்ணை.

"மாறி வாசிச்சால் தப்பி வந்தவன் திரும்பவும் சாவான். படகால இறங்கி உம்மடை பஸ்ஸில ஏறின சனம் மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். தாதிப் பிள்ளை இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு படகில் ஏறினாள்.

நான் அக்காவுக்குத் தேத்தண்ணி நீட்டினேன். ஒரு மிடறு குடித்தாள்.

"சீனி காணாது" என்றாள்.

மூன்று கிழமைக்குப் பிறகு என்னோடு அவள் கதைத்தது அதுதான். நான் இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.