அவர் விழுகிற இடம் இன்னும் வரவில்லை

போன வருடம் குளிர்காலம் முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இங்கே ஒக்லாந்தில் ஒனிஹங்காவில் உள்ள ஒரு பழைய மண்டபத்தில் இது நடந்தது. அன்றைக்கு நான் போகாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்பவும் பயமாக இருக்கிறது. போகாமல் விடத்தான் நினைத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் என் மனுசனின் விசரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்குப் பழைய இசைத்தட்டுப் பைத்தியம். யாழ்ப்பாணத்திலிருந்து இளந்தாரியாக இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் போய் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது பிடித்த வியாதி அது. அறுபதுகளில் அமெரிக்காவில் கறுப்பினப் பாடகர்கள் பாடி, விற்காமலே போன பாட்டுகள் ஏராளமாம். சோல் பாட்டு என்பார்கள். அங்கே விலைபோகாத அந்தச் சின்னத் தட்டுகளை இங்கிலாந்தின் வடக்குப் பக்க ஆட்கள் தேடித் தேடி வாங்கி, மண்டபத்தில் போட்டு ஆடுவார்கள். இங்கே ஒக்லாந்திலும் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. யாரிடமும் இல்லாத பாட்டு உங்களிடம் இருந்தால் நீங்கள்தான் ராசா. பெயர் மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று தட்டின் நடுவில் வெள்ளைத்தாள் ஒட்டி மறைக்கிறதும் உண்டு. வளர்ந்த மனுசர் செய்கிற வேலையா இது என்று கேட்டிருக்கிறேன்.

ஆட்டமும் ஒரு மாதிரி. சோடியாக ஆடுகிறதில்லை, ஆளாளுக்குத் தனியே. நிலத்தில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, வழுக்கி வழுக்கிச் சுழன்று, பாட்டுச் சட்டென்று நிற்கிற இடத்தில் மல்லாக்க விழுந்து, கையை ஊன்றித் துள்ளி எழும்புவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் இவரும் விழுவார். "இடுப்பு முறிஞ்சால் நான் பாக்கமாட்டன்" என்று வெருட்டிப் பார்த்தேன். "முறியட்டும், பாப்பம்" என்றார்.

அந்த ஞாயிறுக்குச் சில கிழமை முந்தி அமெரிக்காவிலிருந்து ஒரு தட்டு வந்து சேர்ந்தது. உலகத்தில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்றே ஒருவருக்கும் தெரியாதாம். ஏவன்டேலில் எங்கள் வீட்டில் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர்தான். வேலையால் வந்ததும் கார்ப்பெட்டைச் சுருட்டிவிட்டு அதே பாட்டு. ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, கிழமைக்கணக்காக. நான் இங்கே வெங்காயம் வெட்ட, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பிளை விட்டுட்டுப் போன காதலனை நினைத்துக் கத்துவாள். முதலில் ட்ரம்பெற், பிறகு அவள், பிறகு எல்லாருமாகச் சேர்ந்து, திரும்ப அவள், திரும்ப எல்லாரும். அதன்பிறகு எல்லாம் நின்று மேளம் மட்டும் அடிக்கும். அங்கேதான் என் மனுசன் தொம் என்று விழுவார். அலுமாரியில் கோப்பைகள் கிடுகிடுக்கும். அதற்குப் பயந்து, மேளம் வரப்போகுதென்றால் முந்தியே போய்க் கோப்பைகளைக் கையால் பிடித்துக்கொள்வேன்.

அந்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து கொஞ்சம் படுக்கலாம் என்றிருந்தேன். "இண்டைக்குத்தான் முதல்தரமாப் போடப்போறன், வாருமன்" என்று சின்னப்பிள்ளை மாதிரி நின்றார். பாவமாக இருந்தது. சரி என்று இறைச்சி வைத்து மடித்த பற்றீஸ் பொரித்துக்கொண்டு போனேன். அங்கே வருகிற ஆட்களுக்கு என்னைத் தெரியாது, என் பற்றீசைத்தான் தெரியும்.

அவரின் முறை வந்தது. மேடையில் ஏறி மைக்கில் பாட்டுக்கு ஏதோ ஒரு பொய்ப்பெயர் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். ஊசியை வைத்தார். பாட்டுப் போடுகிறவர் மேடையில்தானே நிற்கவேண்டும்? இவரால் முடியவில்லை. பிளேயரை அப்படியே விட்டுவிட்டுத் தானும் ஆட இறங்கிவிட்டார். முகமெல்லாம் பல். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை.

பாட்டில் அவள் இரண்டாம் தரம் பாடத் தொடங்கினாள். சுழன்றுகொண்டிருந்தவர் மல்லாக்கப் போனார்.

சனம் கைதட்டியது. ஒருவர் விசிலும் அடித்தார். விழுந்த ஆளுக்கு இடம் விடுகிறதுதான் அங்கே மரியாதை, அதனால் பக்கத்தில் ஆடினவர்களும் விலகிப் போனார்கள். அந்தப் பாட்டை அதற்குமுன் அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அதில் எங்கே விழவேண்டும், எப்போது எழும்பவேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆள் அழகாக விழுந்து, எழும்புகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறார் என்றே நினைத்தார்கள்.

எனக்குத் தெரியும். அவள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் திரும்பச் சேர்ந்து பாடவில்லை, மேளம் வரவில்லை. என் மனுசன் அந்த இடத்தில் ஒருநாளும் விழுந்ததில்லை.

"பாட்டை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. அந்தச் சத்தத்துக்குள் இங்கிலீசில் கத்தியிருந்தாலும் ஒருவருக்கும் கேட்டிராது. மேடைக்கு ஓடினேன். வீட்டில் அந்தச் சாமான்களில் தூசி தட்டக்கூட என்னை விடமாட்டார், எந்தப் பொத்தானை அமத்துகிறது என்று எனக்கு என்ன தெரியும்? கையை வீசி ஊசியில் ஒரு அடி அடித்தேன். ஸ்பீக்கரெல்லாம் கிறீச்சென்று அலறியது.

ஆட்டம் நின்றது. எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். என்னைக்கூட இல்லை, தட்டைத்தான் பார்த்தார்கள். இரண்டு பேர் தலையில் கைவைத்துவிட்டார்கள். ஐயோ, அப்படி ஒரு கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. "ஆளைப் பாருங்கோ, ஆளை!" என்று கையை நீட்டினேன். அதை மொழிபெயர்க்க ஒருவரும் தேவைப்படவில்லை.

பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. பஸ் ஓட்டுகிற ஒரு சமோவாப் பெண், வழக்கமாக ஆட வருகிறவர், முழங்காலில் நின்று அவரின் நெஞ்சை அமத்தத் தொடங்கினார். ஒருவர் ஆம்புலன்சுக்குப் போன் அடித்தார். இன்னொருவர் இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். நான் நிலத்துப் பவுடருக்குள் குந்தியிருந்து அவரின் காலைப் பிடித்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. காலை விடச் சொன்னார்கள், விட்டேன். பெட்டி அவரை ஒருதரம் தூக்கிப் போட்டது. அந்தப் பெண் திரும்பவும் அமத்தினார். கொஞ்சத்தில் அவர் முனகினார். நான் வாய்விட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள். சின்னக் கம்பிவலை ஒன்றை வைத்துத் திறந்துவிட்டார்கள். உடனே கண்டுபிடித்தபடியால்தான் ஆள் தப்பியது, பாட்டு முடியுமட்டும் அப்படியே கிடந்திருந்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அவரோடு ஆடுகிறவர்கள் பூவும் பழமும் கொண்டு பார்க்க வந்தார்கள். விசிலடித்த மனுசன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதார். நீங்கள் என்ன செய்ய, உங்களுக்குத் தெரியாதுதானே என்று நான்தான் தேற்றினேன். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். குசினியில் இருந்து கேட்டுக் கேட்டு என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் செய்த முதல் வேலை, தட்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்ததுதான். கரையிலிருந்து நடுமட்டும் ஒரே கீறல். நான் கதவடியில் நின்றேன், இப்ப வெடிக்கப்போறார் என்று.

"நல்லாத்தான் கீறியிருக்கிறீர்" என்றார்.

பிறகு நடுவில் ஒட்டின வெள்ளைத்தாளை நகத்தால் சுரண்டி உரித்தார். பாட்டின் உண்மையான பெயரை எல்லாருக்கும் அனுப்பப் போகிறாராம். "நாலு பேருக்குத் தெரிஞ்ச பாட்டெண்டால் நாலு பேர் திரும்பிப் பாத்திருப்பினம்" என்றார். கலியாணமாகி இருபது வருடத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு கதை வந்ததில்லை.

தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, "உமக்கு அந்தப் பாட்டுப் பிடிக்காதெண்டெல்லோ நினைச்சன்?" என்றார்.

"ஓம், பிடிக்காதுதான். இப்பவும் பிடிக்காது" என்றேன்.

சிரித்தார். சிரிக்கும்போது நெஞ்சு நோகிறது என்று கையை வைத்துக்கொண்டார், நான் பயந்து கிட்ட ஓடினேன். ஒன்றுமில்லை.

இப்போது விழுந்து எழும்புகிற ஆட்டம் கிடையாது, டாக்டரின் கட்டளை. மெதுவாக ஆடுகிறார். நான் இன்னமும் அந்த மண்டபத்துக்கு அலுத்துக்கொண்டுதான் போகிறேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்று. அவர் ஆடுவதை நான் கவனிக்கிறதே இல்லை என்று அவரும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன். இவ்வளவு காலமும் புறுபுறுத்துக்கொண்டே அவரைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பது, அந்த உயிர் போகப்பார்த்த நேரத்தில்தான் எனக்கே தெரியவந்தது.