மூன்றாவது மணி

என்னை ஆளாக்கிய அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஆனாலும் கம்பத்தில் வாழைக்காய் வியாபாரத்தில் என்னைத் தெரியாதவர் கிடையாது.

அக்கா ஜெயமங்கலத்தில் பிறந்தார்கள். தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்விட, பன்னிரண்டு வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு களையெடுக்கப் போனார்கள். கம்பத்தில் வாழ்க்கைப்பட்டு, சிறு வயதிலேயே தாலியை இழந்து, ஒற்றை மகளை வளர்க்க மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போனார்கள். விடியலில் ஜீப். உள்ளே எட்டுப் பேர், வெளியே தொங்கிக்கொண்டு எட்டுப் பேர்.

தொண்ணூற்றாறு வாக்கில் எங்கள் தெருவின் முதல் டெலிபோன் என் வீட்டுக்குத்தான் வந்தது. மாலை போட்டு, சூடம் காட்டி வைத்தேன். அன்றைக்கே அக்கா ஒரு சட்டம் போட்டார்கள்.

“ஏலே தம்பி, மேல போய்ச் சேந்ததும் பூத்துல இருந்து ரெண்டு மணி விட்டு வச்சிருவேன். எடுத்துத் தொலைச்சிராத, காசு போயிரும். மூணாவது மணி அடிச்சா மட்டும் எடு. என்னமோ ஆகிப்போச்சுன்னு அர்த்தம்.”

அன்று முதல் காலையில் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு தரம் அடிக்கும். இன்னொரு தரம் அடிக்கும். நிற்கும். “மதினி சேந்துட்டாக” என்று என் மனைவி அடுப்படிக்குத் திரும்புவாள். அதற்கப்புறம்தான் எனக்குக் காபி இறங்கும்.

பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஊரெல்லாம் செல்போன். நான் மட்டும் சளைத்தவனா? எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று வாங்கினேன். இனி இந்தப் பெட்டி எதற்கென்று, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லைனை டெலிபோன் ஆபீசில் ஒப்படைத்துவிட்டேன்.

மறுநாளே அடைமழை. மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டதாகக் கடைத்தெருவில் பேச்சு. அக்காவின் செல்லுக்கு அடிக்கிறேன், அடிக்கிறேன், எடுப்பாரில்லை.

“ஊரெல்லாம் பெருமை பேசுனீகளே, இப்ப அத ரெண்டு மணி அடிக்கச் சொல்லுங்க பாப்போம்” என்றாள் மனைவி. ஜீப் நிற்கும் இடத்துக்கு மூன்று தடவை நடந்தேன்.

மத்தியானம் அக்கா நனைந்து, முழங்கால் வரை சேறோடு வாசலில் நின்றார்கள். மண்சரிவை நடந்தே தாண்டி வந்திருக்கிறார்கள்.

“நீ நல்லாத்தான இருக்க?” என்று என் முகத்தைத் தடவினார்கள். “போன் போட்டா, எவளோ ஒருத்தி இந்த நம்பரே இல்லைங்கிறா. வீட்டுக்கே என்னமோ ஆயிருச்சுன்னு ஓடியாந்தேன்டா.”

“செல்லு எங்கக்கா?”

“மழைல அது எதுக்கு? அரிசிப் பானைக்குள்ள பத்திரமா இருக்கு.”

யாரிடமும் தலை குனியாதவன் நான். மறுநாள் டெலிபோன் ஆபீசில் கைகட்டி நின்று கெஞ்சினேன். அதே நம்பரைத் திரும்ப வாங்கினேன்.

அக்கா தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே சட்டம்தான். இரவு நல்லபடியாகக் கழிந்தால், விடிந்ததும் அவர் மகள் இரண்டு மணி விட்டு வைப்பாள். பதினோரு நாள் அப்படியே போயிற்று. பன்னிரண்டாம் நாள் இரண்டு அடித்தது. “நின்னுரு, நின்னுரு” என்றேன் வாய்விட்டு. மூன்றாவதும் அடித்தது.

கண்விழித்துப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், அக்காவைப் பத்திரமாக ஏற்றி இறக்கிய ஜீப் ஓட்டுநர்களுக்கும், தோள் கொடுத்த சொந்தபந்தங்களுக்கும் கைகூப்புகிறேன்.

எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் ஒரே டெலிபோனும் என் வீட்டில்தான் இருக்கிறது. இன்று அக்காவின் திவசத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள், அவரவர் வீடு போய்ச் சேர்ந்ததும் இரண்டு மணி விட்டு வைத்துவிடுங்கள். நான் எடுக்கமாட்டேன். பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.