மத்தியாஸ் கெடுத்த ஸ்பீக்கர்

என் அக்கா டொரதியின் வாய்க்கு வத்தேகமவில் பயப்படாதவர் இல்லை. தியேட்டரில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள். வரிசையில் இடையில் புகுந்தவனின் காதைக் கம்பி இடுக்கு வழியாகவே பிடித்துத் திருகியிருக்கிறாள். அங்கே படம் ஓட்டிய மத்தியாஸைத்தான் கட்டிக்கொண்டாள். அத்தான் வாய் திறக்காத மனிதர். இரண்டு பேருக்குமாக இவளே பேசினாள்.

தியேட்டர் புடைவைக் கடையானபோது, திரைக்குப் பின்னால் நின்ற இரண்டு ஸ்பீக்கர்களையும் முதலாளி அத்தானுக்குக் கொடுத்துவிட்டார். ஆளுயர மரப்பெட்டிகள், மேலே தகரப் புனல். அத்தான் இறந்து மாதா கோயிலில் முப்பத்தோராம் நாள் பூசைகூட முடியவில்லை, அவருடைய தம்பி றொட்னி லொறியோடு வந்து நின்றான். "அண்ணன் ஞாபகமா நான் வெச்சிக்கிறேன் அண்ணி" என்று, துக்கத்திலிருந்த அக்காவிடமிருந்து இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனான். ஞாபகமாம்! உயிரோடிருந்த அண்ணனை ஒரு கிறிஸ்மசுக்குக்கூட வீட்டுக்குக் கூப்பிடாதவன்.

கட்டுகஸ்தோட்டையில் அவன் வீட்டு ஹோலில் ஏசி உண்டு, தடித்த திரைச்சீலை உண்டு. புது அம்ப்ளிஃபையர் வாங்கி, நண்பர்களைக் கூட்டிப் பாட்டுக் கேட்க ஆரம்பித்தான். பாட்டு உருப்படவில்லை. பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் மூலைக்கு மூலை சிதறியது. தபேலா இருக்கிற இடமே தெரியவில்லை. "அண்ணன் குடிச்சிட்டு ரிப்பேர் பாத்துக் கெடுத்து வெச்சிருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

அம்ப்ளிஃபையர் விற்ற அக்குறணை ரஸீன் மூலம் அது அக்காவின் காதுக்கு வந்தது. அத்தான் ஒரு துளி தொட்டதில்லை. "செத்த மனுசன் எந்திரிச்சி வந்து இல்லன்னு சொல்லுமா?" என்று அக்கா அழுதாள். செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ரஸீனோடு நாலைந்து பேர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா நேரே பெட்டிக்குப் பின்னால் போனாள்.

"இதில கட்டியிருந்த செவப்பு நூல் எங்க தம்பி?"

"அந்தக் காப்பு நூலா? முதலாளி வருசா வருசம் மெசினுக்குப் பூசை போட்டுக் கட்டுறதுதானே. நாங்க வேதக்காரங்க அண்ணி. அறுத்து, ஜெபம் பண்ணி எரிச்சிட்டேன்."

"அட மடையா! அது என் தையல் பெட்டி நூல்!"

ஒரு பெட்டியின் சிவப்பு வயரை எலி தின்றுவிட்டதாம். வெள்ளை மைனஸ் வயருக்குப் பக்கத்தில் அத்தான் கையில் கிடைத்த கறுப்பு வயரைப் போட்டு, அதுதான் பிளஸ் என்று தெரிய அக்காவிடம் நூல் வாங்கிக் கட்டியிருக்கிறார். பக்திமான் நூலை எரித்துவிட்டு, கறுப்புத்தானே மைனஸ் என்று மாறிப் பூட்டியிருக்கிறான். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் குரல் எங்கே நிற்கும்?

அம்ப்ளிஃபையரிலிருந்து வயர்களைக் கழற்றச் சொல்லி, கைப்பையிலிருந்து டோர்ச் பற்றரியை எடுத்து அவன் வைத்திருந்த பிளஸ் மைனஸ்படியே இரண்டு பெட்டியிலும் தொட்டுக் காட்டினாள். ஒன்றின் கடதாசிக் கூம்பு முன்னால் துள்ளியது. மற்றது உள்ளே போனது. அவளே வயரை மாற்றிப் பூட்டினாள். பாட்டுப் போட்டார்கள். பாடுகிறவர் எழும்பி வந்து எங்கள் முன்னால் நின்று பாடினார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் ரஸீன்.

றொட்னி கை தட்டினான். "பாத்தீங்களா என் செட்ட!"

அக்கா அவன் முன்னால் போய் நின்றாள். "கெடுத்தது யாருன்னு இவங்களுக்குச் சொல்லுங்க தம்பி."

"டீ ஆறுது அண்ணி, குடிங்க."

"றொட்னி, ஒரு வார்த்ததானே, சொல்லிடுங்களேன்" என்று ரஸீனும் சொன்னார். அவன் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.

அக்கா திரும்பப் போய், வயரை அவன் பூட்டியிருந்தபடியே மாற்றிப் பூட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று மாதமாகிறது. நண்பர்கள் இப்போது போவதில்லையாம். தனியாக உட்கார்ந்து அந்தச் சிதறிய பாட்டையே கேட்கிறான் என்று ரஸீன் சொல்கிறார். வயரை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். மாற்றினால் அண்ணன் கெடுக்கவில்லை என்று அவனே ஒத்துக்கொண்டதாகிவிடுமே. அதற்குப் பாட்டு நாசமாய்ப் போகட்டும் என்று இருக்கிறான்.