கமலேஸ்வரி பாராட்ட மறுத்த ஊர்

மனோர் பார்க்கில் கமலேஸ்வரியைப் பிடிக்காதவர்களை ஒரு பக்கம் நிறுத்தினால், மறுபக்கம் நிற்க ஆள் தேட வேண்டும். அவள் ஒருமுறை முறைத்ததற்கு, நிற்காமல் போன பஸ் பின்பக்கமாகவே உருண்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. நான் கண்ணால் கண்டது. நம்பாதவர்கள் அந்தச் சாரதியைக் கேட்கலாம், ஆனால் அவர் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டார்.

அகதியாக இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்தவள். சான்ட்விச் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் நின்று, விரல்கள் கோணும்வரை வெள்ளரிக்காய் அடுக்கி, கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு வாங்கினாள். ஓய்வு பெற்ற பிறகு அவளிடம் மிஞ்சியது அந்த வீடும், அந்தக் கோபமும், சண்முகராசாவும். மூன்றாவதைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

சண்முகராசா அவளுடைய கணவர். பிறந்த ஊர்க்காரர் இங்கே சேர்ந்து நடத்தும் ஊர்ச் சங்கத்துக்கு வருடக்கணக்காகத் தலைவர். போன மாசிமாதப் பொதுக்கூட்டத்தில், தானே கைபிடித்துக் கூட்டிவந்து செயலாளர் ஆக்கிய பாஸ்கரனிடம் தோற்றார். கை தூக்கி வாக்கெடுத்தார்கள்; அவர் தலை குனிந்தபடி எண்ணிக்கையை மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவர் தமிழ்க் கடைப் பக்கம் தலை காட்டுவதில்லை. வெங்காயம் வாங்கவும் எதிர்த் திசையில் வெள்ளைக்காரன் கடைக்கு நடந்தார். கோடை வந்ததும், வீட்டை விற்றுவிட்டு வடக்கே ஒரு பழைய பஞ்சாலை நகரத்துக்குப் போய்விடலாம் என்றார்.

“மூட்டு நோவுக்கு அந்தக் காத்து நல்லதாம்.”

“குளிர் கூடின இடத்திலை மூட்டு நோ மாறுமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? பாஸ்கரனோ?”

வீடு இருவர் பேரிலும் இருந்தது. அவள் ஓம் என்று சொல்லாமல் ஒரு செங்கல்லையும் விற்க ஏலாது. அதனால் ஒரு சனிக்கிழமை அவளை ரயிலேற்றி, ஊர் காட்டக் கூட்டிப் போனார். பின்னேரம் அங்கே ஒரு தரகர் வீடு காட்டுவதாக ஏற்பாடு.

முதலில் புகைபோக்கி. ஆலை மூடி எத்தனையோ காலமாகியும் இடிக்கக் கூடாதென்று சட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் உயரத்தை அண்ணாந்து பார்த்த சுற்றுலாக்காரர் ஒருவரின் கழுத்து அப்படியே நின்றுவிட்டதென்றும், மனுசன் இப்போதும் வானத்தைப் பார்த்தபடிதான் சூப் குடிக்கிறாரென்றும் எனக்கு ஒரு தகவல். கமலேஸ்வரி அண்ணாந்து பார்க்கவே இல்லை.

“சுடலையைக் காட்டவோ கூட்டி வந்தனீங்கள்?”

“இது சரித்திரம், கமலேஸ். நீர் கொஞ்சம் நிமிந்து பாரும்.”

அடுத்தது நகர மண்டபத்து மணிக்கூட்டுக் கோபுரம்.

“யாழ்ப்பாணத்திலையும் ஒண்டு நிக்குது. நேரம் பாக்க ஆரும் அதுக்கு ரயில் ஏறிப் போறேல்லை.”

கால்வாய்க் கரைக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் பஞ்சுப் பொதி ஏற்றிய படகுகள் போன கால்வாய். இப்போது பூச்சட்டி வைத்த படகுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். “தண்ணி தேத்தண்ணி நிறத்திலை கிடக்கு,” என்றாள். அருங்காட்சியகத்தில் ஒரு தொண்டர் பழைய தறிகளில் ஒன்றை ஓட்டிக் காட்டினார். நிலம் அதிர்ந்தது, காது அடைத்தது.

“உங்கட சங்கக் கூட்டம் மாதிரியே இருக்கு,” என்று அந்தச் சத்தத்துக்கும் மேலால் கத்தினாள். “இது ஒரு முழத் துணியாவது நெய்யுது.”

சண்முகராசா பல்லைக் கடித்தார். வெளியே வந்ததும் தன் கடைசித் துருப்பை இறக்கினார். “இஞ்ச எங்கட சனம் ஒருத்தருமில்லை. நிம்மதி. அது உமக்கு விளங்காது.”

“விளங்குது. நல்லா விளங்குது. எனக்குத் தண்ணி விடாய்க்குது.”

ஆலையின் கீழே ஒரு சின்னக் கடை. உள்ளே நுழைந்தார்கள். கல்லாவில் நின்ற இளைஞன் சண்முகராசாவை ஒருமுறை பார்த்தான், தலையைச் சரித்து மறுமுறை பார்த்தான்.

“அண்ணை, நீங்கள் சண்முகராசா அண்ணை எல்லே? நான் ரதீசன். அப்பாவின்ரை ஊர் உங்கட ஊர்தான். சங்கத்து வாட்சப்பிலை கூட்ட வீடியோ பாத்தனான்.”

சண்முகராசாவின் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் நசுங்கியது. தோற்றதை மறுபடி பார்க்கப் பயந்து அவர் மட்டும் அந்த வீடியோவைத் திறக்கவில்லை.

“உங்களுக்கு அநியாயம் செய்துபோட்டாங்கள் அண்ணை. அக்காவும் அதிலை நிக்கிறா, பொம்பிளையளின்ரை பக்கத்திலை.” பொடியன் சிரித்தான். “உங்கட பேர் சொல்லேக்கை அக்கா கையைக் கட்டிக்கொண்டு இருந்தா. நாங்கள் வீட்டிலை அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தனாங்கள்.”

“தம்பி, தண்ணிக்கு எவ்வளவு எண்டு மட்டும் சொல்லும்,” என்றாள் கமலேஸ்வரி.

கால்வாய்க் கரையில் கிடந்த மர வாங்கில் இருவரும் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

“நீர் கை தூக்கேல்லையோ?”

“இல்லை.”

“நான் கட்டின மனுசி, நீரே.”

“நீங்கள் தலைவரா இருந்த காலம் முழுக்க, ஷிப்ட் முடிச்சு காலமை வந்து சாய்வமெண்டா, வீட்டு ஹோலிலை கூட்டம். என்ரை கட்டிலிலை வந்தாக்களின்ரை கோட்டு. எத்தினை நாள் அந்தக் கோட்டுக் கும்பிக்குப் பக்கத்திலை இருந்தபடியே நித்திரை கொண்டனான் தெரியுமோ? ஒருநாளாவது எடுத்து வேறை இடத்திலை போட்டனீங்களோ?”

“அதைச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனான். கூட்டம் நடக்குது, சத்தம் போடாதையும் எண்டனீங்கள்.”

அவர் நசுங்கிய போத்தலைத் தட்டி நிமிர்த்தினார். அவள் விடவில்லை.

“இப்ப சனத்துக்குப் பயந்து ஓடப் போறியள். உங்களுக்குக் கை தூக்காதவள் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு எல்லோ ஓட வேணும். இஞ்சையும் காலமை எழும்பி என்ரை முகத்திலைதான் முழிப்பியள்.”

அவருடைய போன் அடித்தது. தரகர். அவர் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்கோவன். மனுசி விடுறாள் இல்லை எண்டு சொல்லுங்கோ. மனோர் பார்க்கிலையும் எல்லாத்துக்கும் அதைத்தானே சொல்லுறனீங்கள்.”

எடுத்தார். ஆங்கிலத்தில் அதையே சொன்னார், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். பிறகு எழுந்து ரயில் நிலையத்தை நோக்கி அவளுக்கு முன்னால் நடந்தார். அவளுக்கு முழங்கால் நோகும் என்று தெரிந்தும் நடையை மெதுவாக்கவில்லை. மெதுவாக நடக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.