சட்டைப் பையில் இருந்த செம்பு வளையம்

செய்யாத குற்றத்துக்காக ஒரு மனிதர் பதினொரு நாட்கள் பொலிஸ் காவலில் இருந்தார். அதற்குக் காரணம் நான் சொன்ன பொய். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பெயர்களை விட்டுவிட்டு மற்றவற்றை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பொறியியலாளராக இருந்தேன். அணைக்கட்டுகளுக்கு வரைபடம் போடுவது என் வேலை. நானும் மனைவியும் கீழ்வீட்டில். மேல்மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம்: கணவன், மனைவி, ஒரு சிறிய மகள். அவர் முன்பு தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். சில வருடங்கள் குருநாகலில் இருந்ததால் சிங்களம் நன்றாகப் பேசுவார். கனடாவில் இருந்த அவருடைய தமையன் இவர்களைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் கிடைத்திருந்தது, அடுத்த வியாழக்கிழமை. அந்த நாளுக்காகத்தான் அந்த வீட்டில் மூன்று பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வியாழனுக்கு முந்திய ஞாயிறு காலை என் பழைய காருக்கு நானே ஒயில் மாற்றத் தொடங்கினேன். கராஜ்காரர்கள் பழைய ஒயிலையே திரும்ப ஊற்றி ஏமாற்றுவார்கள் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன் நான். எஞ்சினின் அடியில் ஒரு நட் இருக்கும். அதைக் கழற்றினால் பழைய ஒயில் வடியும். நட்டோடு காசு அளவில் ஒரு செம்பு வளையமும் சேர்ந்து இருக்கும். அந்த வளையத்தைப் போட்டு, ஸ்பானரால் இறுக்கிப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார் ஓட ஓட நட் தளர்ந்து கழன்றுவிடும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நட் திடீரென்று கழன்று, சூடான ஒயில் என் முழங்கைவரை ஓடியது. நட்டும் வளையமும் கீழே வைத்திருந்த பழைய பேசினுக்குள் விழுந்தன. மேல்மாடியிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணை, காருக்கு ஒயில் மாத்திறியளோ, நீங்கள் எண்ணெய் முழுக்கோ? சனிக்கிழமை முழுகிறதை ஞாயிற்றுக்கிழமை முழுகிறியள்!"

"தம்பி, உம்மடை வேலையைப் பாரும்" என்றேன். பேசினுக்குள் கையை விட்டுத் துழாவி நட்டை எடுத்தேன். கையால் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பேன். அதற்குள் வாசலில் இராணுவத்தினர்.

அந்த மாதம் நகரில் குண்டு வெடித்திருந்தது. எங்கள் பகுதியில் வீடு வீடாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அடையாள அட்டையையும், பொலிஸில் பதிந்த வீட்டாள் பட்டியலையும் காட்ட வேண்டும். நான் காருக்கு அடியிலிருந்து முழங்கைவரை கறுப்பாக எழும்பி நின்றதைப் பார்த்ததும் ஒரு சிப்பாய் துப்பாக்கியைச் சரிசெய்தான். வெடிமருந்து வாடை அடிக்கிறதா என்று என் கையை முகர்ந்து பார்த்தான். இருபது வருடம் கொழும்பில் இருந்தும் எனக்குச் சிங்களம் திக்கித் திணறித்தான் வரும். ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவனுடைய முகம் இன்னும் இறுகியது.

மேல்மாடிக்காரர் படியிறங்கி வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிப்பாய் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"பெரிய எஞ்சினியர், அரசாங்கத்துக்கு அணை கட்டுறவர், சொந்தக் காரிலை ஒழுகிறதை அடைக்கத் தெரியேல்லை எண்டு சொன்னனான்."

நானும் சிரித்தேன். திரும்பிப் போய்ப் புது ஒயிலை ஊற்றினேன், அளவு பார்த்தேன், எஞ்சினை ஓட விட்டேன். ஸ்பானர் மதிலில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை நான் மறுபடி தொடவில்லை.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து என் அக்கா வந்திருந்தா. அவவைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். காலையில் நடந்ததற்குப் பிறகு சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கார் ஓட்ட எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, தலையிடி என்றேன். படியில் நின்ற மேல்மாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"நான் கொண்டுபோய் விடுறன். நீங்கள் சாவடியிலை நிண்டு இங்கிலீசு கதைச்சால் அக்கா நாளைக்குத்தான் வீட்டை போவா" என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

நாலு மணியளவில் பழைய ஒயிலை ஒரு தகரத்துக்குள் ஊற்றினேன். பேசினின் அடியில் ஏதோ மின்னியது. செம்பு வளையம்.

அப்போதுதான் ஸ்பானரும் நினைவுக்கு வந்தது. அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவ வந்து, "இறக்கிவிட்டிட்டு இப்பத்தான் போறார்" என்றா. கைத்தொலைபேசி இல்லாத காலம். பிரதான வீதியான காலி வீதிவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுபடி போனேன். எத்தனை தடவை போனேனோ தெரியாது. வளையத்தைச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். வந்ததும் சொல்லிச் சிரிக்கலாம் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

ஆறு மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது.

கொழும்புக் கோட்டைப் பக்கம், பாதுகாப்புக் காரணமாக வாகனம் நிறுத்தவே கூடாத ஒரு வீதியில், எஞ்சின் இறுகிக் கார் நின்றுவிட்டதாம். அடியில் நட் இல்லை, ஒயில் முழுவதும் ஒழுகிப் போயிருந்தது. மேல்மாடிக்காரரைப் பிடித்து வைத்திருந்தார்கள். வேண்டுமென்றே நட்டைத் தளர்த்திவிட்டுக் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார் என்பது அவர்களின் சந்தேகம். என் பதவியை அறிந்த அதிகாரி ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் கேட்டார், காரில் ஏதாவது குறை இருந்ததா என்று.

"இல்லை. இன்று காலை நானே ஒயில் மாற்றினேன். எல்லாம் சரியாக இருந்தது."

"நட்டை இறுக்கினீர்களா?"

"இறுக்கினேன்."

அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டு, அதன் கீழே என் பதவியையும் எழுதினேன்.

பயம் இருந்தது, மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மேல்மாடிக்காரருடைய இடத்தில் நான் போய் இருக்க வேண்டி வரும் என்று நினைத்தேன். ஆனால் பயம் பாதிதான். ஒழுங்கையில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு நட்டைப் பூட்ட மறந்தவன் நான் என்று சொல்ல என் படிப்பு விடவில்லை.

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கந்தோரில் கதிரையில் அமர்ந்தால் உடனே எழும்புவேன். வீட்டில் அவருடைய மனைவி மேலே நடக்கும் சத்தம் கேட்கும், அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. நான் கீழே அதே திசையில் நடந்துகொண்டிருப்பேன். செவ்வாய்க்கிழமை அவ இறங்கி வந்தா.

"அண்ணை, காரைக் கடைசியாப் பாத்தது நீங்கள்தானே. ஏதும் பிழை இருந்ததோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். கை சட்டைப் பைக்குப் போனது. வளையத்தை வீட்டில் வைக்கப் பயந்து, சட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை அவ பட்டுச்சேலை உடுத்துக் கோப்போடு வந்து நின்றா. தான் மட்டுமாவது போய்க் கேட்டுப் பார்க்கப் போவதாகவும், ஆங்கிலம் பேச நான் கூட வர வேண்டும் என்றும் கேட்டா. போனேன். விண்ணப்பதாரர் நேரில் வராமல் எதுவும் செய்ய முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர் ஏன் வரவில்லை என்பதை என் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினேன். அதற்குக் காரணம் நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவ அழவில்லை. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, "நீங்கள் இல்லாட்டி நான் தனிய என்ன செய்திருப்பன், அண்ணை" என்றா.

நான் வளையத்தை எடுத்து அந்தக் கோப்பின் மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் நிறைய ஆட்கள். அவ வளையத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து போய்விட்டா. அதற்குப் பிறகு அவ என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

நான் நேரே நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். அவரோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய், முதல் வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். வளையத்தை மேசையில் வைத்தேன். அதே அதிகாரி அதை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் எஞ்சினியர்தானே?" என்று மட்டும் கேட்டார். மாலைவரை என்னை ஒரு மர வாங்கில் இருத்தி வைத்துவிட்டு அனுப்பினார்கள். கந்தோருக்கும் கடிதம் போனது. எனக்கு வர இருந்த பதவியுயர்வு வேறொருவருக்குப் போனது. அதை இழப்பென்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பொய்யைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அதைத் திருப்பி எடுத்து அவர் வெளியே வர மேலும் ஆறு நாட்கள் ஆயின.

அவர் வந்த அன்று மேலே போனேன். கதவைத் திறந்தவர் இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார்; வலது காது கேட்கவில்லை போலிருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"அவங்கள் வந்து கேக்கேக்கையே உங்களுக்குத் தெரியுமோ, அண்ணை?"

"ஓம். தெரியும்."

தலையை ஆட்டிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செய்யக்கூடியதைச் செய்தேன். அவர் வராததற்கு நானே காரணம் என்று சத்தியக்கடதாசி முடித்துத் தூதரகத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லாமல் போக, மறுபடியும் எழுதினேன். பதினாலு மாதங்களுக்குப் பிறகு வேறு நாள் கிடைத்தது. விசாவும் கிடைத்தது. அந்தப் பதினாலு மாதமும் படியில் எதிர்ப்பட்டால் அவர் ஒதுங்கி எனக்கு வழி விடுவார். பகிடி இல்லை, பேச்சு இல்லை.

அவர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்ட காலை, திருத்திய காரைக் கழுவி வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று முதல்நாள் சொல்லியிருந்தேன். அவர்கள் பேசியிருந்த வாடகை வானும் வந்து நின்றது. மனைவியும் மகளும் வானில் ஏறினார்கள். அவர் என் காருக்குப் பக்கத்தில் வந்தார். பிரயாணத்துக்கு உடுத்திருந்த புதுக் காற்சட்டையோடு தரையில் முழங்காலூன்றி, கையைக் காரின் அடியில் விட்டார். தடவிப் பார்த்துவிட்டு எழும்பி, விரல்களை எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். காய்ந்திருந்தன.

"இறுக்கமாத்தான் இருக்குது, அண்ணை" என்றார். பிறகு போய் வானில் ஏறிக்கொண்டார்.

கனடாவிலிருந்து கடிதம் ஏதும் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தக் காய்ந்த விரல்களை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் என் காரில் ஏறவில்லை என்பது மட்டும் தெரியும்.